பிள்ளைகளின் செல்போனும் பெரியவர்களின் பொறுப்பும்

இளையோரின் மனநலமும் இணையப் பாதுகாப்பும் என்பது இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள். இந்தப் பொருளைப் பேச வருகிறவர்கள் வழக்கமாகப் பெற்றோரைப் பார்த்தே பேசுவார்கள். பிள்ளை கையில் செல்போனைக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் பக்கத்திலிருந்து கவனியுங்கள், இரவானால் வாங்கி வைத்துவிடுங்கள் என்பார்கள். இவற்றில் எதுவும் தவறான அறிவுரை இல்லை. ஆனால் விருதுநகர், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இதைக் கேட்க வேண்டிய தாய் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொழுது விடியும் முன்பே எழுந்து, சோறாக்கி வைத்துவிட்டு, கம்பெனி வேன் ஏறிப் போகிறவர் அவர். பட்டாசிலும் தீப்பெட்டியிலும் உழைப்பின் பெரும்பங்கு பெண்களுடையது. கூலியோ பல வேலைகளில் எண்ணிக்கைக் கணக்கு. எத்தனை குரோஸ் முடித்தாரோ அத்தனைக்குத்தான் காசு. பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கும் வேலை விட்டு வரும் தாய்க்கும் இடையே தினமும் ஓரிரு மணி நேர வெற்றிடம் இருக்கிறது. விடுமுறை நாளில் அது ஒரு முழுப் பகலாகிவிடுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்புவது செல்போன். இப்படிப்பட்ட தாயிடம் ‘கவனமாக இருங்கள்’ என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினால் பேசியவருக்கு நிறைவாக இருக்கும். கேட்டவருக்கு மிஞ்சுவது குற்றவுணர்ச்சி மட்டும்தான்.

ஆகவே இன்று நான் வேறொரு பக்கம் திரும்பிப் பேச விரும்புகிறேன். என் வாதம் ஒன்றே. ஆபத்துள்ள ஒரு பொருளை வடிவமைத்து, பரப்பி, அதில் லாபம் காண்கிறவரே அதன் பாதுகாப்புக்கு முதல் பொறுப்பாளி. அவரைப் பொறுப்பேற்க வைப்பது அரசின் கடமை. பிள்ளையின் எச்சரிக்கையும் தாயின் கண்காணிப்பும் அதற்கு அடுத்த படியில் வருபவை. இந்தக் கொள்கையை நாம் அமெரிக்காவிடமிருந்தோ ஐரோப்பாவிடமிருந்தோ கடன் வாங்க வேண்டியதில்லை. பெரிய விலை கொடுத்து அதைக் கற்றுக்கொண்டது நம் விருதுநகர் மாவட்டம்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் சிவகாசியின் பெயர் குழந்தைத் தொழிலாளர் என்ற சொல்லோடு சேர்ந்தே வெளியுலகில் அடிபட்டது. தீப்பெட்டி ஆலைகளுக்காக இருட்டு விலகும் முன்பே வண்டிகள் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வந்ததை ஆய்வாளர் ஸ்மிது கோத்தாரி 1983இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’ இதழில் எழுதினார். அன்றும் பழி முதலில் விழுந்தது பெற்றோர்மீதுதான். பெற்றவர்களே அனுப்பும்போது நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். ஏஜென்டிடம் முன்பணம் வாங்கியது தகப்பன்தானே என்றும் கேட்டார்கள். சட்டம் அந்த வாதத்துக்கு மசியவில்லை. பிள்ளையின் உழைப்பை அடகு வைத்துப் பெற்றோர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. அதன்பின் 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு சிவகாசியை முன்னிட்டுப் பிறந்தது. ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாயை வேலைக்கு வைத்தவர் கட்ட வேண்டும் என்றது அது. பிள்ளைக்குப் பதிலாக அந்த வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். இயலாவிட்டால் 5,000 ரூபாயை அரசு தன் பங்காகச் செலுத்த வேண்டும். அந்தத் தொகையிலிருந்து வரும் வருமானம் பிள்ளையின் நலனுக்குப் போக வேண்டும். தீர்ப்பு வந்த மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. பள்ளிகளும் இயந்திரங்களும் சிறப்புப் பயிற்சி மையங்களும் சேர்ந்துதான் பிள்ளைகளை ஆலையிலிருந்து மீட்டன. ஆனால் பொறுப்பின் வரிசை அன்று தெளிவானது: லாபம் பெற்றவர் முதலில், அரசு அடுத்து, பெற்றோர் அதற்கும் பின்னால்.

இந்த மாவட்டம் தந்த முதலமைச்சர் காமராஜரும் இதே வழியில்தான் சிந்தித்தார். ஏழைப் பெற்றோரைக் கூட்டி வைத்துக் கல்வியின் பெருமையைச் சொல்லிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் செய்யலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பள்ளியில் மதிய உணவு போட்டார். குடும்பத்துக்கு உபதேசம் செய்வதைவிடக் குடும்பம் வாழும் சூழலை மாற்றுவதே ஆட்சி என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தமிழ்நாட்டில் இல்லை.

பட்டாசு ஆலைக்கே வருவோம். மருந்து நிரப்பும் அறையில் நான்கு பேருக்குமேல் இருக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடையே இத்தனை தூரம் இருக்க வேண்டும், ஓர் அறையில் இவ்வளவு மருந்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது, உராய்ந்தால் பொறி பறக்கும் கருவி உள்ளே வரக் கூடாது என்று விதிகள் இருக்கின்றன. நாக்பூரிலுள்ள ஒன்றிய அரசின் வெடிபொருள் துறை தரும் லைசென்ஸ் என்றாலும் மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) தரும் லைசென்ஸ் என்றாலும் கட்டடத்தின் வரைபடத்திலேயே பாதுகாப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும். தொழிலாளி சோர்ந்துபோவார், கை தவறும், கவனம் சிதறும் என்பதை விதி முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது. மனிதர் தவறினாலும் சாவு பரவாமல் இருக்கவே இத்தனை ஏற்பாடும். விதி மீறப்படும் இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் நாம் அறிவோம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகும் விபத்துகள் நின்றுவிடவில்லை. அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, உள்குத்தகை, மரத்தடி வேலை என்ற காரணங்களே விசாரணைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. இத்தனைக்குப் பிறகும் இறந்த பெண்ணின் அஜாக்கிரதைதான் காரணம் என்று யாராவது வழக்கை முடிக்கப் பார்த்தால் இந்த ஊர் அதை ஏற்காது.

ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை இரவு இரண்டு மணி வரை ரீல்ஸ் பார்த்துக் கண் வீங்கிப் பள்ளிக்கு வந்தால் பிள்ளையின் அஜாக்கிரதை என்கிறோம், தாயின் கவனக்குறைவு என்கிறோம். அந்தச் செயலி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்பதில்லை. முடிவே இல்லாமல் கீழே கீழே ஓடும் பக்கம், ஒரு காணொளி முடிந்ததும் விரல் படாமலே தொடங்கும் அடுத்த காணொளி, படிக்க உட்கார்ந்த நேரத்தில் வந்து கூப்பிடும் அறிவிப்பு ஓசை, இன்று வராவிட்டால் அறுந்துபோகும் என்று மிரட்டும் தொடர் எண்ணிக்கை, முன்பின் தெரியாதவர் நேரே செய்தி அனுப்பத் திறந்திருக்கும் வாசல் என ஒவ்வொன்றும் யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு எடுத்த முடிவு. சோகமான ஒரு காட்சியில் பிள்ளையின் விரல் இரண்டு நொடி நின்றால், அடுத்த பத்துக் காட்சியும் சோகமாக வரும்படி கணக்கிடுவதும் அப்படித்தான். 2021இல் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள், தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் குன்றியிருந்த பதின்வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அந்தக் குன்றலை அதிகப்படுத்துகிறது என்று நிறுவனத்தின் ஆய்வாளர்களே எழுதி வைத்திருந்ததைக் காட்டின. மருந்தின் வீரியம் ஆலைக்காரருக்குத் தெரிந்தே இருந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அதை நான் மதிக்கிறேன். செல்போனால் மனநலம் கெடுகிறது என்பது அறிவியலில் நிறுவப்பட்ட உண்மையா என்று கேட்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஹைட் 2024இல் எழுதிய நூல், பதின்வயதினரின் மனச்சோர்வு பெருகியதற்குச் சமூக ஊடகமே முதற்காரணம் என்று வாதிட்டது. அதற்கு முன்பே, 2019இல், ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இளையோரின் தரவுகளை ஆராய்ந்திருந்தார்கள். மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தை மட்டுமே மின்னணுச் சாதனப் பயன்பாட்டைக் கொண்டு விளக்க முடியும் என்பது அவர்கள் முடிவு. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும் மக்கள்தொகை அளவில் காரண உறவு நிறுவப்படவில்லை என்றே சொன்னது. இவற்றை மறைத்துவிட்டு அச்சத்தை மட்டும் பரப்புவது ஒரு சொற்பொழிவாளருக்கு அழகல்ல. பிள்ளைகளின் எல்லாத் துயரத்துக்கும் செல்போனைக் கைகாட்டுவது தவறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள். நாடு முழுவதும் அவ்வாண்டு அப்படி இறந்த மாணவர்கள் 13,044 பேர். தேர்வு, வறுமை, குடி, சாதி, வீட்டு வன்முறை, மணவாழ்வுப் பூசல் என்ற பழைய காரணங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. 2017, 2018 இரண்டு ஆண்டுகளிலும் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்தின் முதல் மாவட்டமாக விருதுநகர் வந்தபோது நாம் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையின் சுமையைத் தூக்கியவர்கள் பதினேழு வயதுப் பிள்ளைகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் சராசரி என்ற அளவுகோல் இங்கே எதைக் காட்டும், எதை மறைக்கும் என்று கேட்க வேண்டும். பட்டாசு ஆலையின் சராசரி நாளில் விபத்து இல்லை. ஆண்டின் எல்லா நாட்களையும் எல்லா அறைகளையும் கூட்டி வகுத்தால் வெடிவிபத்தின் பங்கு தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கோ போய் நிற்கும். அதைக் காட்டி விதிகளைத் தளர்த்தலாம் என்று யாரும் கேட்பதில்லை. ஊறு எல்லாப் பிள்ளைகள்மீதும் சமமாகப் பரவுவதில்லை. ஏற்கெனவே மனம் நொந்த, தூக்கம் கெட்ட, பேச ஆளில்லாத பிள்ளைமீது அது குவிகிறது. லண்டனில் 2017இல் இறந்த பதினான்கு வயது மாலி ரஸ்ஸலின் மரண விசாரணையை 2022 செப்டம்பரில் முடித்த அதிகாரி, மனச்சோர்வோடு இணையத்தில் பார்த்தவற்றின் தீய விளைவும் சேர்ந்தே அந்தச் சிறுமியின் சாவுக்குக் காரணமாயிற்று என்று பதிவு செய்தார். சராசரிக் கணக்கில் மாலி இல்லை. மேலும், துல்லியமான ஆய்வுக்குத் தேவையான தரவு யாரிடம் இருக்கிறது? எந்தப் பிள்ளை எந்த நொடியில் எதைப் பார்த்தது என்பது நிறுவனங்களின் கிட்டங்கியில் இருக்கிறது. அதைப் பூட்டி வைத்துக்கொண்டு சான்று எங்கே என்று கேட்பது நேர்மையான வாதம் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தைக் காட்டி மிரட்டுவதற்கும், பிள்ளையின் முகத்தை வெட்டி ஒட்டி ஆபாசப் படம் செய்வதற்கும், தெரியாதவன் பதிமூன்று வயதுப் பெண்ணிடம் பாலியல் நோக்கோடு நட்பு பேசுவதற்கும் எந்தப் புள்ளிவிவரச் சான்றும் தேவையில்லை. அவை குற்றங்கள்.

அந்தக் குற்றங்களில் ஒன்று 2022 மார்ச்சில் விருதுநகரிலேயே வெளிவந்தது. 22 வயதுப் பெண் ஒருவரைக் காணொளியைக் காட்டி மிரட்டிப் பலர் பாலியல் வன்கொடுமை செய்ததாக வந்த புகாரில் எட்டுப் பேர் கைதானார்கள். அவர்களில் நால்வர் பதினெட்டு வயது நிறையாதவர்கள். முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்ததைத் தொடர்ந்து வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. அதற்கு முன், 2019இல், தமிழ்நாட்டையே உலுக்கிய பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அங்கும் கையிலிருந்த ஆயுதம் செல்போன் காணொளிதான். இத்தகைய குற்றத்தின் முதலீடு படம் என்று நினைக்கிறோம். உண்மையான முதலீடு அந்தப் பெண்ணின் அச்சம். வீட்டில் தெரிந்தால் அடி விழும், செல்போன் பறிபோகும், காலேஜ் நிற்கும், அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்ற அச்சம் இல்லாத வீட்டில் மிரட்டுபவனுக்குப் பிழைப்பில்லை. ஆகவே ‘பொண்ணு கையில போன் கொடுக்காதே’ என்ற ஊர்க் கட்டுப்பாடு பெண்ணைக் காப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் மிரட்டுபவனுக்கே துணைபோகிறது. 2023ஆம் ஆண்டின் ‘அசர்’ கல்விநிலை ஆய்வு 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புற இளையோரைப் பற்றியது. ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்தவர்களுள் ஆண்களில் 43.7 சதவீதத்தினரிடமும் பெண்களில் 19.8 சதவீதத்தினரிடமும் மட்டுமே சொந்தமாக ஒரு போன் இருந்ததை அது பதிவு செய்தது. ஏற்கெனவே குறைவாகப் பெற்றவளிடமிருந்து மேலும் பறிப்பதைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

விருதுநகர் வழக்கில் கைதான, பதினெட்டு வயது நிறையாத அந்த நால்வரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குற்றம் நிறுவப்படுவதும் படாததும் நீதிமன்றத்தின் வேலை. ஆனால் இளையோரின் இணையப் பாதுகாப்பு என்று பேசும்போது நம் மனக்கண்ணில் எப்போதும் ஒரு பெண்பிள்ளைதான் நிற்கிறாள். படத்தை அனுப்புபவனும், குழுவில் பகிர்பவனும், பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பவனும் இளையவர்களே. அவனுக்கு நாம் என்ன சொல்லிக் கொடுத்தோம்? குழந்தைகளின் ஆபாசப் படத்தைத் தரவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பர் 23 அன்று ரத்து செய்தது. அத்தகைய படத்தை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவுக்குள் வரக்கூடும் என்றது. இந்தத் தீர்ப்பு நம் ஊர் ஆண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவனின் காதில் விழுந்திருக்கிறதா? பாலியல் கல்வி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நிர்வாகங்கள், அந்தப் பாடத்தை இப்போது யார் நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆபாசக் காணொளிகள்தாம் நடத்துகின்றன.

படம் வெளியே போய்விட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள், இத்தகைய படம் குறித்துப் பாதிக்கப்பட்டவர் புகார் தந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றன. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர் தம்முடைய அந்தரங்கக் காணொளி பல தளங்களில் பரவியதை நீக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டார். நீக்கிய பிறகும் அது வேறு வேறு தளங்களில் முளைத்தது. சட்டம் படித்தவருக்கே இந்த நிலை என்றால் திருத்தங்கலிலோ தாயில்பட்டியிலோ இருக்கும் ஒரு மாணவி எந்தத் தளத்துக்கு எந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புவாள்? தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. ஒரு படத்திலிருந்து விரல்ரேகை போன்ற ஓர் எண் தொடரைக் கணக்கிட்டு, அதே படம் எங்கே ஏற்றப்பட்டாலும் தடுக்கும் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. ஸ்டாப் என்சிஐஐ என்ற சேவையும், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் படங்களுக்கான டேக் இட் டவுன் என்ற சேவையும் அப்படித்தான் இயங்குகின்றன. படம் அவரவர் போனை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. எண் தொடர் மட்டும் போனால் போதும். ஆனால் இவற்றில் சேர்வது நிறுவனங்களின் விருப்பமாக இருக்கிறது. அதைக் கட்டாயமாக்கினால் போதும். ஒவ்வொரு தளமாக ஓடிப் புகார் தரும் சுமை பாதிக்கப்பட்டவரின் தோளிலிருந்து இறங்கிவிடும்.

அப்படியானால் ஆஸ்திரேலியாவைப் போலப் பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்குச் சமூக ஊடகத்தையே தடை செய்துவிடலாமே என்று கேட்கலாம். 2024 நவம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதுபோன்ற சட்டத்தை ஒன்றிய அரசு பரிசீலிக்கலாம் என்றது. அந்தச் சட்டத்தில் நான் மெச்சுவது வயது வரம்பைவிடத் தண்டனைப் பிரிவைத்தான். மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை, நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். மேத்தா தீர்ப்பின் அதே நியாயம் இங்கே இருக்கிறது. வயதுத் தடையை அப்படியே இங்கே கொண்டுவருவதில்தான் எனக்கு ஐயம். நம் வீடுகளில் போன் ஒருவருடையது அல்ல. கணக்கு அம்மாவின் பெயரில் இருக்கும், எண் அப்பாவின் ஆதாரில் இருக்கும், பார்ப்பது ஆறாம் வகுப்புப் பையன். செயலியின் கண்ணுக்குத் தெரிவது முப்பத்தெட்டு வயதுப் பெண். வயதைக் கேட்கும் வாசல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இந்த வீட்டுக்குள் அது பிள்ளையைக் கண்டுகொள்ளாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும் இதே பாடம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பத்தாரின் துணையோடு நடக்கும் வேலைக்கு விலக்கு அளித்தது. ஆலையின் கதவு மூடியதும் வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்தது. தடை ஒன்றே தீர்வானால் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாத செயலிகளுக்குப் போவார்கள்.

2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவிலும் இதே சிக்கல் உண்டு. பதினெட்டு வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. வேலையிலிருந்து களைத்து வந்த தாய் பிள்ளை நீட்டும் திரையில் ‘சம்மதம்’ என்ற பொத்தானை அழுத்துவார். அந்த ஒரு தொடுதலோடு பொறுப்பு அவர் பக்கம் வந்துவிடும். 1933லேயே செல்லாது என்று நாம் சொன்ன பெற்றோர் கையெழுத்து வேறு உருவத்தில் திரும்பி வருகிறது. அதே பிரிவின் இன்னொரு பகுதியே எனக்கு முக்கியம். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது தடுக்கிறது. ஒப்புதல் வாங்கினால் சரி என்று சொல்லாமல், செய்யவே கூடாது என்கிறது. அந்தத் தடைப் பட்டியலை நீட்ட வேண்டும். தானே ஓடும் காணொளி, முடிவற்ற பக்கம், இரவு நேர அறிவிப்பு, தெரியாதவர் செய்தி ஆகியவை எல்லாருக்கும் தொடக்கத்திலேயே மூடியிருக்கட்டும். வேண்டும் என்கிற பெரியவர் தேடிப் போய்த் திறந்துகொள்ளட்டும். அப்போது அம்மாவின் கணக்கில் பார்க்கும் பையனும் காக்கப்படுவான்; வயதை நிரூபிக்க எல்லாருடைய ஆதாரையும் வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டிய ஆபத்தும் வராது. யார் என்ன பேசலாம் என்பதில் அரசு தலையிட இந்த ஏற்பாடு இடம் தருவதும் இல்லை. கருத்துச் சுதந்திரத்தை நான் உயிராக மதிக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு அடிக்கும் அறிவிப்பு மணி யாருடைய கருத்தும் அன்று.

இவ்வளவு பெரிய நிறுவனங்களை நாம் எங்கே கட்டுப்படுத்தப் போகிறோம் என்று சோர்வோடு கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆன்லைன் சூதாட்டத்தின் வரலாற்றை நினைவுபடுத்துகிறேன். குடும்பங்கள் கடனில் மூழ்கி உயிர்கள் போன பிறகு, அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து தமிழ்நாடு 2022இல் சட்டம் செய்தது. 2025இல் வந்த ஒழுங்குமுறைகள் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்றன. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரை அறவே தடுத்தன. நிறுவனங்கள் எதிர்த்து வழக்காடின. அந்த ஜூன் மாதத்திலேயே உயர் நீதிமன்றம் ஒழுங்குமுறைகளை உறுதி செய்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு முழுவதையும் தடை செய்தது. சில நாட்களிலேயே பெரிய செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. முடியாது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்டது ஒரே வாரத்தில் முடிந்தது.

சட்டம் வரும்வரை இந்த மாவட்டம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று வழிகாட்டியிருக்கிறது. மதிப்பெண் சதவீதத்தை வாசலில் பெரிய பேனராகக் கட்டும் பள்ளிகள், ஆலோசகரை நியமித்துவிட்டு அதையும் அங்கே எழுதட்டும். பெண்கள் வேலை முடிந்து திரும்பும்வரை பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கவும் விளையாடவும் ஊருக்கு ஓர் இடம் வேண்டும். பஞ்சாயத்துக் கட்டடமோ நூலகமோ பள்ளி வகுப்பறையோ, எது என்றாலும் சரி. அந்தச் செலவில் ஆலை உரிமையாளர்கள் பங்கேற்பது தானம் ஆகாது. அந்த மாலை நேரத்தை வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள்தாம்.

பட்டாசு நிலத்துக்கே உரிய ஒரு துயரமும் இருக்கிறது. வெடிவிபத்து நடந்தால் ஆம்புலன்ஸ் வரும் முன்பே காட்சி வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. கருகிய உடலைப் படமெடுத்துப் பரப்புகிறவர், அதைப் பார்க்கப்போகிறவர்களில் அந்தத் தொழிலாளியின் மகளும் ஒருத்தி என்று நினைப்பதில்லை. அப்பாவோ அம்மாவோ இறந்த செய்தியை யாராவது வந்து சொல்லும் முன்பே திரையில் கண்டுவிடுகிற பிள்ளையின் தூக்கத்தை எந்த நிவாரணத் தொகையும் மீட்டுத் தராது. விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்தபோது முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். நல்ல அறிவிப்பு அது. அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தொடர் மனநல ஆலோசனை கிடைப்பதையும் அதில் சேர்க்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி விருதுநகரிலேயே இருக்கிறது. சிகிச்சைக்காக அந்தப் பிள்ளைகள் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

கடைசியாக, சிவகாசி அச்சகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நாட்டின் பல மூலைகளுக்கும் காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமும் இங்கிருந்துதான் போகின்றன. மூன்று எண்களைச் சொல்கிறேன். மனம் தாங்காத நேரத்தில் எந்த மணியிலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேச 14416. பிள்ளைகளுக்கு எந்த ஆபத்து என்றாலும் 1098. இணையத்தில் மோசடி நடந்தால் உடனே அழைக்க 1930. படத்தைக் காட்டி மிரட்டினால் மாவட்டத்தின் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே காவல் நிற்கிறது. வரும் கல்வியாண்டு முதல் நீங்கள் அச்சிடும் ஒவ்வொரு பள்ளி நோட்டின் பின்னட்டையிலும் இந்த மூன்று எண்களையும் போடுங்கள்.